கிரிகல்பொத்தவுக்கு இருமுறை: இலங்கையின் உயர்ந்த மலைகளில் நடந்து கற்றவை

முதன்முறை சென்றபோது கிரிகல்பொத்தவின் உச்சியை நான் அடையவில்லை. 2019 பெப்ரவரியில், ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் புல்வெளி நடுவே, முழங்கால்வரை சேறு அப்பியிருக்க, வலது சப்பாத்தின் அடிப்பாகம் பாதி கழன்று தொங்க, நானும் என் தம்பியும் அவனுடைய நண்பர் ஒருவரும் திரும்பிவிடுவதென்று முடிவெடுத்தபோது பகல் பதினொன்றரை மணி. உச்சி இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. பத்தடிக்கு அப்பால் இருந்த புதர் மூட்டத்தில் மறைந்து, சிறிது நேரத்தில் மறுபடி தோன்றி, பிறகு முற்றாகக் காணாமற்போனது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே பாதையில் மீண்டும் நடந்து உச்சியை அடைந்தேன். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் மலை மாறிவிடவில்லை. நாங்கள் புறப்பட்ட நேரம், உடுத்தியிருந்த துணி, பையில் எடுத்துச் சென்றவை, எங்களோடு வந்தவர் ஆகியவைதான் மாறியிருந்தன. மலையேற விரும்பும் நண்பர்கள் பலர் என்னிடம் அடிக்கடி கேட்பதும் அவற்றைப் பற்றித்தான் என்பதால் எழுதிவைக்கிறேன்.

இலங்கையின் மலைகளை உயரத்தைக் கொண்டு மட்டும் அளப்பவர்களுக்கு அவை பெரியனவாகத் தோன்றமாட்டா. முதலாவதான பீதுருதாலகால 2,524 மீற்றர். இரண்டாவதான கிரிகல்பொத்த 2,388. மூன்றாவதான தொட்டுபொல 2,357. ஊருலகம் அறிந்த சிவனொளிபாதமலை இவற்றுக்கெல்லாம் கீழே, 2,243 மீற்றர். உயர் மலைகளில் காற்றழுத்தம் குறைவதால் உண்டாகும் தலைவலியும் குமட்டலும் இந்த உயரத்தில் பெரும்பாலானோரைத் தொடுவதில்லை. ஆனால் ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை பாகை குறையும் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், கொழும்பில் முப்பது பாகையில் வியர்த்துக்கொண்டு வண்டி ஏறியவர் இங்கே பதினைந்து பாகையில் இறங்குகிறார் என்பது விளங்கும். அதனுடன் காற்றும் ஈரமும் சேரும்போதுதான் உடல் தளர்கிறது. ஹோட்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதை நானே கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெப்பவலயத் தீவுதானே என்று ஒரு மெல்லிய பருத்திச் சட்டையோடு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னுடைய முதற்பயணம் ஞாபகத்துக்கு வரும்.

நாட்டின் மிக உயர்ந்த மலையில் ஏறவேண்டும் என்று யாராவது கேட்டால் அவரை ஏமாற்றத்துக்கு முன்கூட்டியே தயார்செய்துவிடுவது நல்லது. பீதுருதாலகாலவின் உச்சியில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரமும் பாதுகாப்புப் படையினரின் நிலையமும் உள்ளன. நுவரெலியா நகரின் தலைக்குமேலேயே நிற்கும் மலைதான் என்றாலும் நடந்து ஏற அனுமதி இல்லை; சோதனைச்சாவடியில் விபரங்களைப் பதிந்துவிட்டு, வாகனத்தில் சென்று, அனுமதிக்கப்பட்ட இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். நான் ஒருமுறை வேனில் போய்வந்தேன். அழகான காடு, நல்ல காட்சி. ஆனால் அதை மலையேறியதாகக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இலங்கையில் கால்நடையாக உச்சிவரை செல்லக்கூடிய மலைகளில் மிக உயர்ந்தது கிரிகல்பொத்ததான்.

என் அம்மா முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். நான் ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன்; என் நாள் முழுவதும் நாற்காலியில் கழிகிறது. மலையேறப் போகிறேன் என்று முதல் தடவை சொன்னபோது, “நாங்க சம்பளத்துக்கு ஏறுன மலையில நீ காசு குடுத்து ஏறப் போறியா?” என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் எதுவும் சொல்லாமல் ரொட்டி தட்டத் தொடங்கிவிட்டார். பிற்பாடு யோசித்தபோது, மலைச்சரிவில் நடப்பது, நனையாமல் இருப்பது, நனைந்தாலும் குளிராமல் இருப்பது ஆகியவற்றில் எனக்குத் தெரியவேண்டிய பாதிப் பாடத்தை அறிந்தவர் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருந்திருக்கிறார் என்பது புரிந்தது.

முதற்பயணத்தின் பிழைகளில் முதலாவது நேரம். நுவரெலியாவிலிருந்து ஹோட்டன் சமவெளி சுமார் 32 கிலோமீற்றர்தான். எனினும் அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறும் பாதையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். பூங்காவின் நுழைவாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. நாங்கள் ஆறு மணிக்குத்தான் நுவரெலியாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நுழைவுச்சீட்டு வரிசை, பைகளைச் சோதிக்கும் இடம் எல்லாவற்றையும் கடந்து நடக்கத் தொடங்கும்போது எட்டேகால். இந்தச் சமவெளியின் தெற்கு விளிம்பு, உலக முடிவு என்று அழைக்கப்படும் செங்குத்துச் சரிவில் பலநூறு மீற்றர் கீழே விழுகிறது. வெயில் ஏறியதும் தாழ்நிலத்தின் ஈரக்காற்று அந்தச் சரிவு வழியே மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகச் சமவெளியின்மேல் படர்கிறது. ஒன்பது, பத்து மணிக்குள் இது நடந்துவிடும் நாட்களே அதிகம். உலக முடிவைப் பார்க்க வருபவர்களுக்கு மூட்டம் ஒரு காட்சியைத்தான் கெடுக்கும்; கிரிகல்பொத்தவுக்குப் போகிறவர்களுக்கோ வழியையே மறைத்துவிடும்.

இரண்டாவது பிழை, பாதையின் நீளத்தைச் சரியாக மதிப்பிடாதது. உலக முடிவுக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும் சென்று திரும்பும் சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவில் முடிந்துவிடும்; அங்கே வழி தெளிவாக இருக்கும், கூட்டமும் இருக்கும். கிரிகல்பொத்த, பார்வையாளர் நிலையத்திலிருந்து அதற்கு எதிர்த்திசையில், ஒருவழி மட்டும் ஏழு கிலோமீற்றர். புறப்படும் இடமே 2,100 மீற்றருக்கு மேல் இருப்பதால் உச்சிக்கும் அதற்கும் இடையிலான நிகர வேறுபாடு 300 மீற்றரைத் தாண்டாது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் ஏமாந்தோம். பாதை நேராக ஏறுவதில்லை; ஒரு மேட்டில் ஏறி, ஓடையில் இறங்கி, சதுப்பைச் சுற்றி, மறுபடி ஒரு மேட்டில் ஏறிச் செல்கிறது. நீளப் பகுதி முழுவதும் இப்படி அலைக்கழித்துவிட்டு, உடல் களைத்தபிறகே கடைசிக் காட்டு ஏற்றத்தைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துகிறது.

மூன்றாவது பிழைதான் எங்களைத் திருப்பி அனுப்பியது. வழிகாட்டி ஒருவரை அழைத்துச் செல்லும்படி நுழைவிடத்தில் சொன்னார்கள். செலவை மிச்சம்பிடிப்பதாக நினைத்து நாங்கள் தட்டிக்கழித்தோம். மூட்டம் இறங்கியபிறகு, நன்றாக மிதிபட்டிருந்த ஒரு தடத்தைப் பின்பற்றி அரைமணி நேரம் நடந்தோம். அது ஒரு சதுப்பின் நடுவே போய் முடிந்தது. சுற்றிலும் குளம்படிகள். மரை எனப்படும் பெரிய மான்கள் தண்ணீர் குடிக்கப் போகும் தடத்தையே நாங்கள் பாதை என்று நம்பியிருக்கிறோம். கால் வைத்த இடமெல்லாம் புல்மேடு போலத் தெரிந்து, உள்ளே கரிய சேறாக இறங்கியது. காலை இழுத்தபோதுதான் சப்பாத்தின் அடி பிரிந்தது. நான் அணிந்திருந்த ஜீன்ஸ் துணி நீரை உறிஞ்சி, இரண்டு கால்களிலும் ஈர மணல்மூட்டையைக் கட்டியதுபோல் கனத்தது. வெயிலும் இல்லை, காற்று வேறு. தம்பிக்குப் பற்கள் கிட்டத்தொடங்கின. “அக்கா, இன்னும் கொஞ்சந்தான் இருக்கும்” என்று அவன் சொன்னபோது, சொற்கள் வாயிலிருந்து குழறி வந்ததைக் கவனித்தேன். அந்தக் குழறலைக் கேட்டபிறகு உச்சியைப் பற்றிப் பேச்செடுக்கவே நான் விடவில்லை. நண்பருடைய காய்ந்த சுவெட்டரை அவனுக்குப் போட்டு, கையில் இருந்த கித்துள் கருப்பட்டியைக் கடிக்கக் கொடுத்து, கழன்ற அடிப்பாகத்தை என் தலைமுடி றிப்பனால் சப்பாத்தோடு சேர்த்துக் கட்டி, வந்த சேற்றுத்தடத்தை வைத்தே திரும்பினோம். குளிரில் ஒருவர் நடுங்குவது எச்சரிக்கை. பேச்சுக் குழறுவது அதற்கடுத்த கட்டம். நடுக்கம் நின்ற பிறகும் அவர் சூடாகவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். மலையில் உடன்வருபவர்களைப் பேசவைத்துக்கொண்டே நடப்பது நான் அன்றிலிருந்து பழகிக்கொண்ட வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் பார்த்தது ஜீன்ஸைத்தான். தேயிலைச் செடிகளின் பனி இடுப்புக்குக் கீழே நனைக்கும் என்பதால் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள். அதற்குள்ளே துணி ஈரமாகாது. மேலே எத்தனை கம்பளி போட்டாலும் தொடை நனைந்தால் குளிர் ஏறிவிடும் என்று அவர் சொன்னதில் மறுபேச்சுக்கு இடமில்லை. அதன்பிறகு நான் விரைவில் காயும் செயற்கை இழைக் காற்சட்டையையே அணிகிறேன். உள்ளே பருத்தி போடுவதில்லை. மாற்றுக் காலுறை இரண்டு சோடி பையில் இருக்கும். பையில் நனையாமல் எப்படி வைப்பது என்பது தனிச் சிக்கல். ஹோட்டன் சமவெளியின் நுழைவிடத்தில் பொலித்தீன் பைகளை எடுத்துவைத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மரைகள் இந்தக் குப்பையைத் தின்று மடிவதால் வந்த கட்டுப்பாடு அது; குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா, கம்பி முறிந்துபோன ஒரு பழைய கறுப்புக் குடையின் துணியைப் பிரித்து, வாய்க்கு நாடா வைத்து இரண்டு பைகள் தைத்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்றுக்குள் காய்ந்த உடையும் மற்றதற்குள் சாப்பாடும் இன்றுவரை போகின்றன. ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் வாழையிலையில் சுற்றிவிட்டால் நுழைவிடத்தில் எந்தக் கேள்வியும் வருவதில்லை.

இரண்டாம் முயற்சிக்கு முன்னர் ஒத்திகையாகத் தொட்டுபொலவில் ஏறினோம். பட்டிப்பொல வாயிலால் நுழைந்து சமவெளிக்குப் போகும் வீதியின் ஓரத்திலேயே அதன் பாதை தொடங்குகிறது. ஒருவழி இரண்டு கிலோமீற்றர் அளவுதான். நாட்டின் மூன்றாவது உயர்ந்த மலையை இவ்வளவு எளிதாக ஏறிவிடலாம் என்பதைப் பலர் அறியாமல் அதன் அடிவாரத்தை வாகனத்தில் கடந்து போகிறார்கள். இராவணன் தன் வானூர்தியை இறக்கிய துறை இதுதான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. தொட்டுபொல என்ற சிங்களச் சொல்லுக்கே இறங்குதுறை என்றுதான் பொருள். பிள்ளைகளோடு வருபவர்களும், புதுச் சப்பாத்தைப் பழக்க நினைப்பவர்களும் இங்கே தொடங்குவதே புத்தி.

2020 ஜனவரியில், மழையில்லாத நான்கு நாட்களைப் பார்த்தபிறகு ஐந்தாம் நாள் புறப்பட்டோம். இந்த மலைகளுக்கு ஜனவரி முதல் மார்ச்சு வரையிலான காலம் ஏற்றது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் ஓடைகளும் சதுப்புகளும் நடப்பவரின் பொறுமையைச் சோதித்துவிடும். விடியற்காலை நான்கரைக்கு நுவரெலியாவை விட்டு, வாயில் திறக்கும்போதே வரிசையில் நின்று, ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கிவிட்டோம். இம்முறை டயகம பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வழிகாட்டியாக வந்தார். கையில் ஒரு தடி, காலில் றப்பர் பூட்ஸ். எங்கள் சப்பாத்துகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தாரே தவிர எதுவும் சொல்லவில்லை.

முந்திய ஆண்டு வழிதவறிய இடத்தை நான் அடையாளம் காட்டியபோது அவர் நின்று, இரண்டாகப் பிரிந்த தடங்களைத் தடியால் சுட்டினார். “தடத்தப் பாக்காதீங்க தங்கச்சி, தடத்துக்கு மேல கெளையப் பாருங்க. மரை தலையக் குனிஞ்சி நொழஞ்சிரும். நமக்குத்தான் தல ஒசரத்துக்கு வழி வேணும்.” குனிந்து பார்த்தால் இரண்டு தடங்களும் ஒன்றுபோலவே இருந்தன, நிமிர்ந்து பார்த்தபோது இடப்பக்கத் தடத்தின்மேல் குட்டை மூங்கில் நெஞ்சளவில் குறுக்கே பின்னிக் கிடந்தது, வலப்பக்கத்தில் தலைக்குமேல்வரை திறந்திருந்தது. புதரே இல்லாத புல்வெளியில் என்ன செய்வது என்று தம்பி கேட்டான். மரைகள் கடக்கும் இடத்தில் புல் மடிந்து கிடக்கும், ஆட்கள் தொடர்ந்து நடக்கும் இடத்தில் புல் செத்துக் கரிய மண் வெளியே தெரியும் என்றார். ஓடைகளைக் கடக்கும்போது பாசி படிந்த பெரிய கல்லில் தாவாமல், நனைந்தாலும் பரவாயில்லை என்று நீருக்குள் இருக்கும் சரளையில் கால் வைக்கச் சொன்னார். காலுறை நனையும், ஆனால் கணுக்கால் முறியாது.

புல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் சட்டென்று காற்று நின்றது. குடைபோல விரிந்த கீன மரங்கள். கிளைகளில் சாம்பல் நிறத்தில் தொங்கும் பாசி. கீழே அடர்ந்த நெலுச் செடிகள். நெலு, நம்முடைய குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. இதுவும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து ஒன்றாக மடிவது. மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது எங்கேயோ இருக்கும் நிலம் என்றே நான் நினைத்திருந்தேன். கடைசி ஏற்றத்தில் வேர்களே படிகள். கைகளையும் பயன்படுத்தித்தான் ஏறவேண்டியிருந்தது. ஆகவே தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒன்பதே முக்காலுக்கு மரங்கள் குள்ளமாகி, பாறை தென்பட்டு, உச்சி வந்தது. மேற்கே சிவனொளிபாதமலையின் கூம்பு தனியாக நின்றது. கீழே அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலை மலைகள், சீப்பால் வாரியதுபோல். இருபது நிமிடங்கள்தான் இருந்தோம். மூட்டத்தின் முதல் இழை காட்டுக்குமேல் தெரிந்ததும் வழிகாட்டி எழுந்து நின்றுவிட்டார், நாங்களும் இலையைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினோம். ஒன்றரை மணிக்குப் பார்வையாளர் நிலையத்தில் பிளேன்டீ. உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவதென்று காலையிலேயே மூவரும் பேசி வைத்திருந்தோம். களைப்பும் ஆசையும் ஏறியபிறகு எடுக்கும் முடிவை நம்பக்கூடாது என்பதால் அதை வண்டியில் வரும்போதே எடுத்துவைத்தோம்.

சிவனொளிபாதமலையைப் பற்றி எழுதாமல் விட்டால் எங்கள் ஊரில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். ஒன்பது வயதிலிருந்து எத்தனை முறை ஏறியிருக்கிறேன் என்பதை உச்சியிலுள்ள மணியை அடித்துத்தான் எண்ணவேண்டும். ஏறிய தடவைக்கு ஒரு அடி என்பது அங்குள்ள முறை. உயரத்தில் கிரிகல்பொத்தவைவிடக் குறைவு என்றாலும், அடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். முழங்காலுக்கு இதுதான் கடினமான மலை. ஏறுவதில் மூச்சு வாங்கும். இறங்குவதில் முழங்கால் போகும். முழங்காலை விறைப்பாக நீட்டி இறங்காமல், சற்று மடித்து, சிறு அடியாக, குறுக்குவாட்டில் பாதத்தை வைத்து இறங்கும் முறையையும் அம்மாவிடமே கற்றேன். முதுகில் கூடையோடு சரிவில் இறங்குபவர்கள் யாரும் படியில் குதிப்பதில்லை. டிசெம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரையுள்ள பருவத்தில் இரவெல்லாம் விளக்கும் தேநீர்க் கடைகளும் இருக்கும். ஆனால் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் வார இறுதிகளிலும் மேல்பகுதியில் வரிசை அசையாமல் நின்றுவிடும். வியர்த்த உடலோடு காற்றில் நிற்பதைப்போலக் கொடுமை வேறில்லை. மேலே போனபிறகு மாற்ற ஒரு காய்ந்த பனியன் எடுத்துச் செல்லுங்கள். நான் வார நாளில், இரவு ஒரு மணிக்குப் புறப்படுவேன். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை இதைவிட நீளமானது, ஈரக்காட்டின் வழியே செல்வது. அங்கே அட்டைகள் காத்திருக்கும். காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டால் ஓரளவு தடுக்கலாம். கடித்துவிட்டால் பதறவேண்டாம், இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் சிறிது நேரம் வழிந்துவிட்டுத் தானாக நிற்கும்.

சப்பாத்தின் கதையைச் சொல்லி முடிக்கவில்லை. 2019இல் பிரிந்துபோன அந்த அடிப்பாகத்துக்குக் கடைக்காரரையே நான் குறைகூறிக்கொண்டிருந்தேன். தைத்துக்கொடுத்த சப்பாத்துத் தொழிலாளி உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “அடுப்புக்கிட்ட வச்சிக் காயவச்சீங்களா?” என்று கேட்டார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைத்தான் செய்திருந்தேன். சூட்டில் பசை காய்ந்து பொடியாகி, தையல் மட்டும் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கிரிகல்பொத்தவிலிருந்து இரண்டாம் முறை திரும்பிய இரவு, சேற்றைக் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, கூரைத் தாழ்வாரத்துக் கம்பியில் தொங்கவிட்டேன். மறுநாள் காலை தாள் நனைந்து ஊறியிருந்தது. அம்மா அதை எடுத்துப்போட்டுவிட்டு, முந்தாநாள் பேப்பரைத் திணித்துக்கொண்டிருந்தார்.